மண் கள்ளமா ஏத்துற படம்: ஆக்கள் மனசில நிக்கேல்ல, என்ன செய்யலாம்?

பரந்தன்:
இரவில ஆத்து மண் களவா ஏத்துற குழுவைப் பற்றின 90 நிமிசப் படம். ஒரே கமரா, சின்னச் செலவு. எடிட் பண்ணிப் பாத்தா இருட்டும் புழுதியும் அடிதடியும் நம்பும்படியா இருக்கு. ஆனா ட்ரைவர், முதலாளி, மண் அள்ளுற பெடியன் மூண்டு பேரும் ஒரே ஆள் மாதிரி. இன்னும் 3 நாள் எடுக்கலாம். எதை எடுக்கிறது?

மாங்குளம்:
அழுகிற காட்சியும் பழைய கதை சொல்லுற காட்சியும் வேண்டாம் அண்ணை. தொழிலின்ர கணக்கைக் காட்டுங்கோ. பெர்மிட் இல்லாம பிடிபட்டா உழவு இயந்திரம் நீதிமன்றத்துக்குப் போகும், லீசிங் தவணை நிக்காது. முதலாளிக்கு அந்தப் பயம். ட்ரைவருக்கு மறியல் பயம். பெடியனுக்கு லோட்டுக்குத்தான் கூலி, பெட்டி நிரம்பாட்டி அண்டைக்குக் காசில்லை. தூரத்தில ஒரு வெளிச்சம் தெரியுது எண்டு வையுங்கோ. முதலாளி ஃபோனில கத்துறார், ட்ரைவர் காட்டுப் பக்கம் பாக்கிறார், பெடியன் சவளைக் கீழ வைக்கேல்ல. வசனமே தேவையில்லை. இதை முதல் 15 நிமிசத்துக்குள்ள போடுங்கோ, பிந்தினா அடிதடியில ஆர் விழுந்தாலும் பாக்கிறவைக்கு உறைக்காது.

புளியங்குளம்:
மாங்குளம் சொன்னது சரி. ஈர மண் ஏத்தின பெட்டியில தண்ணி சொட்டும், கிரவல் ரோட்டில கறுப்புக் கோடா விழும். அந்தக் கோட்டைக் காலால புழுதி தள்ளி மூடுறது ஆர்? அந்த ஒரு ஷொட்டிலயே ஆள் பிடிபடும்.

முகமும் தெரியவேணும். முழு இருட்டில ஐஎஸ்ஓ-வை, அதாவது கமரா வெளிச்சத்தை உணருற அளவைக் கூட்டினா கண் இருக்கிற இடம் புள்ளி புள்ளியாப் போகும். மம்மலில எடுத்து எடிட்டில இரவாக்குங்கோ. நல்ல வெளிச்சம் 20 நிமிசம்தான், அதால முதலே ஒத்திகை பாத்து வையுங்கோ. கரண்ட் லைட் போட்டா கமரா ஷட்டரை 1/50 செக்கனில வையுங்கோ, 1/60 வைச்சா மினுங்கும். சோழகக் காத்துக்கு மைக்கில மயிர் உறை இல்லாட்டி வசனம் முழுக்க இரைச்சல்.

பரந்தன்:
பெடியனா நடிக்கிறவர் இப்ப தலைமயிரை ஒட்ட வெட்டிட்டார்.

மாங்குளம்:
துவாயைத் தலைப்பாகையாக் கட்டிவிடுங்கோ, மண் அள்ளுற ஆக்கள் கட்டுறதுதான். அடுத்த பழைய ஷொட்டில தலை வெறுமையா இருந்தா, இந்தக் காட்சி முடிய அவர் துவாயை அவிழ்த்துத் தோளில போடுற மாதிரி பின்பக்கத்தால ஒண்டு எடுங்கோ, கழுத்துக்குக் கீழ மட்டும்.