என்கோடிங் ஓடும்போதே டிவிடி எழுத எஸ்எஸ்டி உதவுமா?

வணக்கம் நண்பர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக் கோயில் திருவிழா வீடியோக்களை டிவிடியில் போட்டுக் கொடுக்கிறோம். லயத்து வீட்டுப் பெரியவர்களிடம் இன்னும் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது. பென்டிரைவ் கொடுத்தால் அப்படியே அலமாரிக்குப் போய்விடும்.

கணினி நாலு கோர் ஐ5, 8 ஜிபி ரேம், ஒரே ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க். அடுத்த வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் (என்கோடிங்) வேலை ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ஓடும்போது, டிவிடி எழுதும் இமேஜ்பர்னில் 8எக்ஸ் வேகத்தில் எழுதினால் பஃபர் (எழுதக் காத்திருக்கும் தரவு இருப்பு) மளமளவென்று சரிகிறது, எழுதுவது பாதியில் நின்று நின்று தொடர்கிறது. 8எக்ஸுக்கு நொடிக்குச் சுமார் 11 எம்பி வந்தால் போதும். அதனால் சிபியு மேல் பழி போட முடியாது. ஹார்ட் டிஸ்க்கின் தலை என்கோடிங் கோப்புக்கும் ஐஎஸ்ஓவுக்கும் (டிவிடியில் எழுதப்படும் முழு வட்டுக் கோப்பு) மாறி மாறி அலைவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். டிவிடி வீணாவதில்லை, ஆனால் நின்று தொடர்ந்த இடத்தில் சில பழைய பிளேயர்கள் திக்குகின்றன.

ஹேண்ட்பிரேக் முன்னுரிமையைக் குறைத்தாகிவிட்டது. டாஸ்க் மேனேஜர் அஃபினிட்டியில் (எந்த நிரல் எந்த கோரில் ஓடலாம் என்ற அமைப்பு) எழுதுவதற்கென்று ஒரு கோரை ஒதுக்கியாகிவிட்டது. இமேஜ்பர்ன் பஃபரையும் 256 எம்பிக்கு ஏற்றியாகிவிட்டது. 4எக்ஸில் சுத்தமாக வருகிறது. ஆனால் முழு டிவிடி ஒன்றுக்குக் கால் மணி நேரம், ஐம்பது டிஸ்க்குக்குக் கட்டுபடியாகாது.

240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டும் தலையும் இல்லாத சேமிப்பகம்) வாங்கி ஐஎஸ்ஓவை மட்டும் அதில் வைத்தால் போதுமா, என்கோடிங் வெளியீட்டையும் அங்கேயே மாற்ற வேண்டுமா? கூடவே யூஎஸ்பி டிவிடி ரைட்டர் ஒன்று சேர்த்து இரண்டு டிவிடியை ஒரே நேரத்தில் எழுதுபவர்கள், 8எக்ஸ் தடங்கலின்றிப் போகிறதா என்று தயவுசெய்து சொல்லுங்கள்.