நுழைபடலம்: புதியவர்களின் முதல் நிலவறைச் சாகசத்துக்கு ஒரு சொல்

வணக்கம்.

வீரர்களாகி நிலவறைக்குள் (dungeon) புகுந்து அரக்கர்களோடு மோதும் பலகை ஆட்டங்கள்தான் நிலவறைப் பலகை ஆட்டங்கள். இவற்றுக்குப் புதிதாக வருபவர்களை முதலில் ஆட வைக்கும் சாகசத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு வெள்ளோட்டம், பயிற்சியாட்டம், முதற்சாகசம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

வெள்ளோட்டம் காதுக்கு இனிமைதான். ஆனால் அதில் சோதிக்கப்படுவது தேரும் கப்பலும், ஏறுகிறவர் அல்ல. ஆட்டத்தை வெளியிடும் முன் வடிவமைப்பாளர் ஆடிப் பார்ப்பதற்கு அதை ஒதுக்கி வைக்கலாம். பயிற்சியாட்டம் என்றாலோ கணக்கில் சேராத ஆட்டம் என்று தோன்றிவிடும். கிடைத்த பொன்னை வைத்து ஒரு நல்ல வாள் வாங்கலாம் என்ற ஆசையில்தான் புதியவர் மறுபடி வருவார். அந்தப் பொன் செல்லாது என்றால் யார் வருவார்?

முதற்சாகசத்தில் சிக்கல் பெரிது. புத்தகத்தில் முதலாவதாக அச்சாகியிருப்பதும் புதியவருக்கு ஏற்றதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஹீரோகுவெஸ்ட் என்ற ஆட்டத்தின் 1990 அமெரிக்கப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் சாகசம் 'தி ட்ரயல்'. பல வகை அரக்கர்கள் போதாதென்று கார்காயில் என்ற சிறகு முளைத்த கல் அரக்கன் ஒன்றும் காவல் நிற்கும். அது தாக்கும்போது 4 பகடை உருட்டும். பகடையின் ஆறு முகங்களில் மூன்று மண்டையோடு, மண்டையோடு விழுந்தால் அடி. மந்திரவாதிக்கோ உடல்வலு 4 மட்டுமே, கையில் தாக்குபகடை ஒன்றே ஒன்று. முதல் நாளே செத்து உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

2012இல் வந்த டிசென்ட் இரண்டாம் பதிப்பின் 'ஃபர்ஸ்ட் பிளட்' இதற்கு நேர்மாறு. சின்ன வரைபடம், கோப்ளின் என்ற குட்டிப் பூத வில்லாளிகள், எட்டின் என்ற இரட்டைத்தலை அரக்கன் என இரண்டே வகை அரக்கர்கள். குளூம்ஹேவன் வரிசையில் 2020இல் வந்த 'ஜாஸ் ஆஃப் த லயன்' இன்னும் ஒரு படி மேல். முதல் ஐந்து சாகசங்களில் விதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்க்கிறது.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும் என்கிறேன். சாகசம் ஒவ்வொன்றையும் 'படலம்' எனலாம். கம்பனைப் படித்தவர்களுக்குப் பழகிய சொல்தான். புத்தகத்தில் முதலில் இருப்பது 'முதற்படலம்'. புதியவரை உள்ளே அழைத்துப் போகத் தகுந்தது 'நுழைபடலம்'. அப்போது 'இந்த ஆட்டத்தின் முதற்படலம் நல்ல நுழைபடலம் அல்ல' என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

நுழைபடலத்துக்கான அகராதி விளக்கத்தையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. ஒரே அமர்வில் முடிய வேண்டும். அறைக்கு ஒரு புது விதிக்கு மேல் கூடாது. இலக்கு முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும். தோற்றாலும் வீரர் சாகாமல் பின்வாங்க வழி வேண்டும், இது எனக்கு மிக முக்கியம். அதற்காக ஆபத்தே இல்லாத படலமும் வேண்டாம். கடைசி அறையில் ஒருவராவது 'போச்சு!' என்று கத்தத்தான் வேண்டும்.

'நுழைவுப் படலம்' என்று விரிக்கலாமே என்று யாராவது கேட்கலாம். வேண்டாம், நுழைவுத் தேர்வு ஞாபகம் வரும். ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகையாகவே இருக்கட்டும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள். அப்புறம், நிலவறைக்குப் பதிலாகச் 'சுருங்கை' என்றவருக்கு: அது சுரங்கவழியைக் குறிக்கும், அறைகள் வெளியே நின்றுவிடும்.