மறு: ரிலீஃப் பிட்சருக்குத் தமிழ்ல என்ன? (நிவாரணம் வேணாமே)

அக்கா, வணக்கம். ரெண்டு நாளா மடலே பாக்கல, பேஸ்பால் கட்டுரைக்குத் தமிழ்ச் சொல் தேடுற இந்த இழைய இப்பதான் முழுசும் படிச்சேன்.

> ரிலீஃப்னா அகராதியில நிவாரணம்னுதானே இருக்கு, "நிவாரண எறிவாளர்" சரிவராதா?

இருக்குதான், ஆனா படிக்கிறவங்களுக்கு வெள்ளத்துல மொட்டைமாடிக்கு அரிசி மூட்டை எறியுற ஆளுன்னுல்ல தோணும் :-) இங்க ரிலீஃப்ங்கிறது காவலுக்கு நிக்கிறவர அடுத்த ஷிஃப்ட்காரர் வந்து விடுவிக்கிறாரே, அது. ஆட்டத்த ஆரம்பிச்ச பிட்சர் (பந்து எறியுறவர்) அஞ்சாறு இன்னிங்ஸ் (பேஸ்பால்ல ஒரு ஆட்டத்துக்குப் பொதுவா ஒன்பது) எறிஞ்சு கை ஓஞ்சதும் மேனேஜர் மெதுவா நடந்து வந்து பந்த வாங்கி இன்னொருத்தர் கையில குடுத்துடுவார். சாமி தூக்குறவங்க வீதி திரும்புறப்ப தோள் மாத்திக்குவாங்கல்ல, எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு, அதனால "தோள்மாற்று எறிநர்"னு முன்வைக்கிறேன். ஒரே ஒரு நெருடல் என்னன்னா சாமி தூக்குறவர் அடுத்த வீதியில திரும்ப வந்து தோள் குடுப்பார், பேஸ்பால்ல வெளிய போனவர் அந்த மேட்ச்சுக்குள்ள திரும்ப வரவே முடியாது. பரவால்ல, எந்தச் சொல்லும் முழுசாப் பொருந்தாது.

வீச்சாளர் வேணாம்னு ஏன் சொல்றேன்னா, கிரிக்கெட்ல முழங்கைய மடக்கி நீட்டினா தப்பு, இங்க மடக்கித்தான் எறியணும். அங்க தப்பா இருக்கிறதுக்குப் பேரே எறியுறதுதான், அதனால எறிநர்.

> க்ளோசருக்கு "முடிப்பாளர்" போதுமேண்ணா?

தம்பி, கிரிக்கெட் பாக்குறவனுக்கு முடிக்கிறவர்னா கடைசில வந்து சிக்ஸர் அடிக்கிற பேட்ஸ்மேன். பேஸ்பால் க்ளோசர் அதுக்கு நேர் எதிரு, கடைசில எறிய வந்து, ஏற்கனவே ஜெயிச்சிட்டிருக்கிற ஆட்டத்த விட்டுடாம காக்குறவர். நான் கட்டுரை எழுதிட்டிருக்கிற மரியானோ ரிவேராவையே எடுத்துக்கங்க. பனாமாவுல புவேர்ட்டோ கைமிட்டோன்னு மீன்பிடி ஊரு, அப்பாவோட படகுல வேலை பாத்த பையன், 1990ல நியூயார்க் யாங்கீஸ் அணில எடுத்தாங்க, 1995ல ஆட்டத்த ஆரம்பிக்கிறவரா எறிஞ்சு பாத்தாரு எடுபடல, 1996ல க்ளோசரா இருந்த ஜான் வெட்டலாண்டுக்கு முன்னாடி வந்து எறியுற ஆளு, 1997லேந்து கடைசி இன்னிங்ஸ் அவருது. 2013ல ஓய்வு பெறுறப்ப கணக்குல 652 சேவ்.

இந்த சேவ்தான் சாவி. ஜெரோம் ஹோல்ட்ஸ்மன்னு சிகாகோ பத்திரிகைக்காரர் கிளப்பிவிட்டது, 1969லதான் அதிகாரப்பூர்வக் கணக்கா ஆச்சு. பொதுவா 3 ரன்னுக்கு மேல போகாத முன்னிலையில உள்ள வந்து, ஒரு இன்னிங்ஸாவது எறிஞ்சு, முன்னிலைய விடாம ஆட்டத்த முடிச்சா ஒரு சேவ் (வேற வழிகளும் இருக்கு, கட்டுரையில எழுதுறேன்). இதுக்கு "காப்பு"ன்னு வச்சிட்டா மத்ததெல்லாம் தானா வரும். சம்பந்தர் பதிகம் பத்துப் பாட்டு பாடிட்டு, கடைசியா தன் பேரச் சொல்லி ஒரு பாட்டுல முடிப்பாரே, அதுக்கு என்ன பேரு? திருக்கடைக்காப்பு! கடை, காப்பு, ரெண்டும் நம்ம கையிலேயே இருக்கு. க்ளோசர் = கடைக்காப்பாளர். சாமி பேர்ல கைவைக்கிறானேன்னு யாரும் அடிக்க வராதீங்க, திருவ விட்டுட்டுத்தான் எடுத்திருக்கேன்.

ப்ளோன் சேவ், அதாவது காக்க வந்தவரு முன்னிலைய விட்டுட்டா? யோசிக்கவே வேணாம், "கோட்டைவிட்ட காப்பு". 2001 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலோட இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டம், அரிசோனாவுல, யாங்கீஸ் 2-1 முன்னிலை. எட்டாவது இன்னிங்ஸ்ல மூணு பேர ஸ்ட்ரைக்அவுட் (பந்த அடிக்க விடாமலே அவுட்) பண்ண ரிவேரா ஒன்பதாவதுல தன் கையாலயே ஒரு பந்த ரெண்டாவது பேஸுக்குத் தப்பா எறிஞ்சு, ஸ்கோர் சமமாகி, கடைசில அரிசோனாவோட லூயிஸ் கொன்சாலஸ் தட்டினது ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்) தலைக்கு மேல லேசா மெதந்து போயி புல்லுல விழுந்துச்சு. அவ்ளோதான், அரிசோனா 3-2ன்னு ஜெயிச்சிருச்சு. இதக் "காப்புத் தவறல்"னு எழுதினா உப்பு சப்பில்லாம இருக்கு. 2019ல ஓட்டு போட்ட 425 பேரும் ஒருத்தர் பாக்கியில்லாம ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பேஸ்பால் ஜாம்பவான்கள் பட்டியலுக்கு) தேர்ந்தெடுத்த முதல் ஆளே கோட்டைவிட்டிருக்காருன்னா மத்தவங்கள என்ன சொல்ல.

ரிவேரா எறியுற கட்டர்ங்கிற பந்துக்கு சொல் தேட வேணாம், லெக் கட்டர் தெரிஞ்ச ஊருதானே இது, கட்டர்னே விடலாம். இடதுகை பேட்ஸ்மேன் கைப்பிடிப் பக்கமா கடைசி நொடில உள்ள வெட்டும், பேட்டு பொளந்துக்கும். 2013ல மின்னசோட்டா அணிக்காரங்க உடைஞ்ச பேட்டுகளாலயே ஒரு ராக்கிங் சேர் செஞ்சு அவருக்குப் பரிசாக் குடுத்தாங்க.

பாக்கி இருக்கிறது புல்பென், அதாவது தோள்மாற்று எறிநருங்க கைய சூடு பண்ணிக்கிட்டு ஃபோன் வர்ற வரைக்கும் காத்திருக்கிற எடம். காளைப்பட்டின்னா மொழிபெயர்ப்பு, தொழுவம்னா சாணி வாசம். கதவு திறந்து ஆள் ஓடி வர்றதப் பாத்தா "வாடிவாசல்"னு வைக்க நாக்கு துறுதுறுங்குது, ஆனா ஐயா ஒத்துக்க மாட்டாருன்னு தெரியும். ஐயா, நீங்களே சொல்லுங்க, அதுவரைக்கும் கட்டுரையில புல்பென்னுன்னே விட்டு வைக்கிறேன்.