பாரிமுனை - சௌகார்பேட்டை சாப்பாட்டு நடை: வரிசை சொல்லுங்க

வர்ற சனிக்கிழமை சாயங்காலம் எட்டு பேர், அதுல ரெண்டு பேர் சுத்த சைவம். போட்டு வச்சிருக்கற வரிசை இது: மண்ணடி மெட்ரோவுல இறங்கி, செகண்ட் லைன் பீச் தெருவுல அத்தோ (பர்மா நூடுல்ஸ்), என்.எஸ்.சி. போஸ் சாலையில சீனா பாய் கடை நெய் இட்லி, கடைசியா மின்ட் தெரு.

அத்தோ எட்டு பேருக்கு மூணு பிளேட் போதும். முதல் கடையிலயே வயித்தை நிரப்பினா மின்ட் தெருவுல சும்மா வேடிக்கைதான் பார்க்கணும். பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, பொரிச்ச வெங்காயம் எல்லாம் கண்ணெதிரே பிசையறாங்க, சரி. ஆனா நூடுல்ஸ்ல முட்டை, மேல தூவற பொடியில இறால் இருக்குமா? வாழைத்தண்டு சூப்பை எதுல கொதிக்க வைக்கிறாங்க? சைவத்துக்குத் தனிச் சட்டி வச்சிருக்கற கடை எது?

முறுக்கு சாண்ட்விச் பார்சல் வேண்டாம்னு தெரியும். சட்னியும் தக்காளியும் பட்ட அஞ்சு நிமிஷத்துல முறுக்கு நமுத்துடும். ஜிலேபியும் அப்படித்தான், சட்டியிலிருந்து எடுத்த சூட்டுல சாப்பிடணும். மின்ட் தெரு காக்கடா ராம்பிரசாத் இனிப்புக் கடையில கூட்டம் எத்தனை மணிக்குக் குறையும்?

வெங்காயம், பூண்டு இல்லாத ஜெயின் சாட் கடை ஒண்ணும் சொல்லுங்க. உட்கார இடம் இருந்தா நல்லது, ஒருத்தருக்கு முட்டிவலி.