ஏர்பேக் விளக்கு எரிகிறது, ஹாரனும் அடிக்கவில்லை: நானே ஏர்பேக் மாற்றலாமா?

கேள்வி:
2015 மாடல் ஹேட்ச்பேக். பத்து நாளாக ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. அதே நாளில் ஹாரனும் போய்விட்டது, ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டனும் வேலை செய்யவில்லை. ஃபியூஸ் நன்றாகத்தான் இருக்கிறது. போன மாதம் ஸ்டீயரிங் ராக் (ஸ்டீயரிங் திருப்புவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றினோம், மற்றபடி யாரும் கை வைக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஏர்பேக்கையே மாற்றச் சொல்கிறார்கள். புதுப்பேட்டையில் பழைய ஏர்பேக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, வாங்கி நானே மாட்டலாமா? அதற்கு முன்னால் இப்போது இருப்பதை மல்டிமீட்டரில் பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். வண்டியை அதிகம் ஓட்டுவது என் மனைவி, தள்ளிப்போட மனம் வரவில்லை.

பதில் 1:
தம்பி, மல்டிமீட்டரை ஏர்பேக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஓம் பார்க்க மீட்டர் அனுப்பும் சின்னக் கரண்டே அதை வெடிக்க வைத்துவிடலாம், முகம் போய்விடும்.

மூன்றும் ஒரே நாளில் போயிருக்கிறது என்றால் எனக்குச் சந்தேகம் கிளாக் ஸ்பிரிங் மேல்தான். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் வட்டமான பிளாஸ்டிக் டப்பா அது. உள்ளே பட்டை ரிப்பன் ஒயர் சுருளாக இருக்கும், ஏர்பேக், ஹாரன், பட்டன் எல்லாவற்றுக்கும் இணைப்பு அது வழியாகத்தான். ராக் கழற்றும்போது ஸ்டீயரிங்கைக் கட்டி வைக்காமல் விட்டால் அது சும்மா சுற்றி, கிளாக் ஸ்பிரிங் நடுநிலை தவறிவிடும், அப்புறம் ஒரு முழு யூ டர்ன் எடுத்தாலே ரிப்பன் அறுந்துவிடும். ஸ்கேன் போட்டு டிரைவர் பக்க ஏர்பேக் ஓப்பன் சர்க்யூட், அதாவது இணைப்பு அறுந்திருக்கிறது என்று வருகிறதா பாருங்கள்.

பழைய ஏர்பேக் வேண்டவே வேண்டாம். எத்தனை வருடம் வெயிலில் கிடந்ததோ. டகாட்டா கம்பெனியின் இன்ஃப்ளேட்டர்களில் (பையை ஊதும் பாகம்) இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகள் தெறித்து உயிர்களே போயின.

பதில் 2:
அண்ணன் சொன்னதுதான் சரி. கிளாக் ஸ்பிரிங்கை நிதானம் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம். சக்கரங்களை நேராக வைத்து பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். மேனுவலில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டிருந்தாலும் உள்ளே தேங்கிய கரண்ட் வடிய நான் கால் மணி நேரம் காத்திருப்பேன். மஞ்சள் கனெக்டரை மெதுவாக எடுத்து, ஏர்பேக்கை முகப்பு மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள், கவிழ்த்து வைக்கக் கூடாது. ஸ்டீயரிங் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலு மரை விட்டு இழுத்தால் ஸ்டீயரிங் முகத்தில் அடிக்காது. புது ஸ்பிரிங்கின் பூட்டை ஸ்டீயரிங் மாட்டும்வரை எடுக்காதீர்கள். விளக்கை அணைக்க ஏர்பேக்குக்குப் பதில் ரெசிஸ்டர் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், விளக்கு அணையும், ஆனால் இடித்தால் பை விரியாது.

கேள்வி கேட்டவர்:
ஸ்கேனில் ஓப்பன் சர்க்யூட் என்றுதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிட்டேன். பழைய டப்பாவைத் திறந்து பார்த்தேன், ரிப்பன் நடு உருளையை ஒட்டி மடிந்து, மடிப்பிலேயே கிழிந்திருந்தது. ஹாரன் உடனே அடித்தது. விளக்கு மட்டும் ஸ்கேனரில் பழைய பிழைக் குறியீட்டை அழித்த பிறகுதான் அணைந்தது. நேர் ரோட்டில் ஸ்டீயரிங் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்து நிற்கிறது, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டேன் போல. திரும்பக் கழற்றும்போதும் அதே கால் மணி நேரம் காத்திருக்க வேண்டுமா அண்ணா?

பதில் 1:
ஆமாம் தம்பி, ஒவ்வொரு தடவையும். இந்த முறை கழற்றும் முன் ஸ்டீயரிங்குக்கும் அது மாட்டியிருக்கும் ஷாஃப்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், அதிலிருந்து எத்தனை பல் என்று எண்ணி நகர்த்தலாம். கழற்றியதும் ஸ்பிரிங் சுழலாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.