புதுப்பிப்பு: ‘கொடி’ தேடல் வழு தீர்ந்தது
நான் பங்களிக்கும் திறந்த மூல உரைத்திருத்தியில், தேடும்போது சில ‘கொடி’கள் மட்டும் ஏன் அகப்படவில்லை என்று கேட்டிருந்தேன். குறியெண்களை, அதாவது கணினியில் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உள்ள எண்களை, பார்க்கச் சொன்னவருக்குப் பெரிய நன்றி, காரணம் அங்கேதான் இருந்தது. அந்த எண்களை வகுக்கும் பொதுத் தரமான யூனிகோடில் ‘கொ’வின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது.

இரண்டு விதத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவத்துக்கு, மாற்றியதும் தேடல் சரியானது. ஆனால் குறியெண்கள் குறைந்ததால் கிடைத்த சொல்லைக் காட்டும் மஞ்சள் அடையாளம் ஓரிடம் தள்ளி விழுந்தது! மாற்றுவதற்கு முன் எழுத்துகள் இருந்த இடங்களைத் தனியாகக் கணக்கு வைத்ததும்தான் நேரானது. அப்புறம் திருத்தியின் பராமரிப்பாளர் இதைத் தானாகச் சரிபார்க்கும் சோதனை நிரலும் கேட்டார். நியாயம்தான், நாளை யாராவது இந்த மாற்றத்தைச் செய்யும் வரியை நீக்கினால் உடனே தெரியவேண்டுமே. ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் சேர்த்தே எழுதினேன். நேற்று என் திருத்தத்தை முதன்மைக் கிளையில் (திருத்தியின் முதன்மை நிரல் தொகுப்பில்) சேர்த்துவிட்டார்கள்.