ஹீரோயிக் ரெய்டில் பின்தங்குகிறேன்: பொறுமையாகக் கற்றுத்தரும் கில்டை எப்படித் தேடுவது?

கேள்வி

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் இணைய விளையாட்டில் ரெட்ரிபியூஷன் பாலடின் (எதிரியின் அருகில் நின்று அடிக்கும் பாத்திரம்) ஆடுகிறேன். இரண்டு ஆண்டுகள் முன்பின் தெரியாதவர்களுடன் ஆடிக்கொண்டிருந்துவிட்டு, மூன்று மாதங்களுக்கு முன்பு ஒரு கில்டில் (நிரந்தரக் குழுவில்) சேர்ந்தேன். பலர் சேர்ந்து பாஸ் எனும் பெரிய எதிரிகளை வீழ்த்தும் ரெய்டில், நார்மல் நிலை வரை சிக்கல் எதுவும் இல்லை. அதைவிடக் கடினமான ஹீரோயிக் தொடங்கியதும், யார் எவ்வளவு சேதம் விளைவித்தார் என்று காட்டும் டேமேஜ் மீட்டரில் கடைசி இரண்டு இடங்களை விட்டு நான் நகரவே இல்லை. குழு முழுதும் செத்து விழும் ஒவ்வொரு முறையும் தலைவர் குரல் அரட்டையில், "பாலடின், மறுபடியுமா?" என்பார். என்ன தவறு செய்தேன் என்று கேட்டால், "வீடியோ பார்த்துவிட்டு வாருங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சென்ற வாரம் ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் ரெய்டுப் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

வீடியோக்களை நான் பார்க்காமல் இல்லை. எந்தத் திறனுக்குப் பின் எதை அழுத்த வேண்டும் என்பதும் மனப்பாடமாகவே தெரியும். ஆனாலும் களத்தில் கை வரவில்லை. தவறைச் சொல்லித் திருத்தும் கில்டை எப்படி அடையாளம் காண்பது? அதுவரை நானாக எதைச் சரிசெய்துகொள்ளலாம்?

மறுமொழி 1

நல்ல கில்டு கிடைத்தாலும் இதே டேமேஜுடன் போனால் இதே இடத்தில்தான் நிற்பீர்கள். முதலில் லாகை, அதாவது சண்டையின் பதிவை, பாருங்கள். கில்டைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மறுமொழி 2

மேலே உள்ள பதில் பாதி சரி. நான்கு ஆண்டுகள் ரெய்டு நடத்தியவன் என்ற முறையில் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

உங்கள் தலைவரின் வாய்த்துடுக்கை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் ஒரு கில்டு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கிருப்பவர்களின் சுபாவம் மட்டும் முடிவுசெய்வதில்லை. அது எந்த நிலை ரெய்டைக் குறிவைக்கிறது என்பதும் முடிவுசெய்கிறது. நார்மல், ஹீரோயிக் இரண்டிலும் 10 முதல் 30 பேர் வரை போகலாம். வருபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப பாஸின் பலம் தானாகவே கூடிக் குறையும். அவற்றுக்கும் மேலான, மிகக் கடினமான மித்திக்கில் சரியாக 20 பேர், ஒருவர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. 24 பேர் ஆர்வத்தோடு வந்து நின்றாலும் நால்வரை உட்காரவைத்தே தீர வேண்டும் என்பதால், மித்திக்கை நோக்கிப் போகும் கில்டின் தலைவர் ஹீரோயிக்கிலேயே ஆட்களைக் கழிக்கத் தொடங்கிவிடுவார். ஹீரோயிக்கின் கடைசி பாஸோடு நிறுத்திக்கொள்ளும் கில்டுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அவர்கள் கடந்த சீசன்களில் மித்திக் பாஸ்களை எத்தனை முறை முயன்றார்கள் என்பதைத்தான். சண்டைப் பதிவுகளை வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்தில் பதிவேற்றும் கில்டானால் இது வெளிப்படையாகவே தெரியும்.

தேடுவதற்கு விளையாட்டிலேயே ஜே விசையை அழுத்தினால் திறக்கும் பகுதியில் கில்டு ஃபைண்டர் இருக்கிறது. அங்குள்ள அறிமுகக் குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். யாரும் தம்மைக் கடுகடுப்பானவர்கள் என்று எழுதிக்கொள்ள மாட்டார்கள். எல்லாமே "குடும்பம் போன்ற கில்டு"தான். நேரடியாக எழுதிக் கேளுங்கள்: பட்டியலிலிருந்து ஒருவரை எடுக்கும்போது அவருக்கு முன்கூட்டியே சொல்வீர்களா, சோதனைக் காலம் எத்தனை வாரம், அதன் முடிவில் யார் என்னோடு பேசுவார்? இந்த மூன்றாவது கேள்விக்கு ஒருவரது பெயரைப் பதிலாகச் சொல்லும் கில்டில், கற்றுத்தருவதை யாரோ ஒருவர் தம் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். ரெய்டு நேரத்தை அவர்கள் சர்வர் நேரத்தில்தான் சொல்வார்கள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இதில் ஏமாந்து முதல் நாளே ஒரு மணி நேரம் தாமதமாக வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேர்வதற்கு முன் அவர்களுடன் ஐவர் குழுவாக இரண்டு மூன்று மித்திக் பிளஸ் டஞ்சன்கள் (மித்திக் ரெய்டு அல்ல, சிறு குழுவுக்கான சவால்கள்) போய்வாருங்கள். சுமுகமாக முடியும் டஞ்சனிலிருந்து எதுவும் தெரியாது. எல்லோரும் செத்து விழுந்த பிறகு, உயிர்பெற்று மீண்டும் ஓடிவரும் அந்த அரை நிமிடத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேளுங்கள். "அந்த வீச்சை நான் தடுத்திருக்க வேண்டும்" என்று ஒருவர் தாமாகச் சொன்னால், அங்கே நீங்களும் தயங்காமல் கேள்வி கேட்கலாம். யாரும் வாய் திறக்காமல் ஒருவர் வெளியேறிவிட்டால், நீங்களும் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பழைய கில்டின் லாகைத் தேடிப் பார்த்தேன். மித்திக்கைக் குறிவைத்துத்தான் ஆள் சேர்த்திருக்கிறார்கள், எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை. என் லாகையும் திறந்தேன். கடைசியாக ஆடிய முயற்சியில் 4 நிமிடம் 12 நொடியில் இறந்திருக்கிறேன். அதுவரை மொத்தம் 109 திறன்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த எண் நல்லதா, கெட்டதா?

மறுமொழி 3

252 நொடிகள். குளோபல் கூல்டவுன், அதாவது ஒரு திறனுக்கும் அடுத்ததற்கும் இடையிலான கட்டாயக் காத்திருப்பு, 1.5 நொடி என்று வைத்துக்கொண்டால் 168 முறை அழுத்த இடம் இருந்தது. உங்கள் ஹேஸ்ட் (பாத்திரத்தின் வேகப் பண்பு) அந்தக் காத்திருப்பை மேலும் குறைக்கும் என்பதால் உண்மையான எண் இதைவிடக் கூடுதல். குறைந்த கணக்கிலேயே 59 வாய்ப்புகள், அதாவது ஏறத்தாழ ஒன்றரை நிமிடம், சும்மா போயிருக்கிறது. வரிசையை மனப்பாடம் செய்தும் டேமேஜ் வராததற்கு இதுதான் காரணம். தவறான விசையை அழுத்தியதால் இழந்ததைவிட, எதையும் அழுத்தாததால் இழந்தது அதிகம்.

அந்த இடைவெளிகள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். பரவலாக இருந்தால் அது விரல் பழக்கம். பயிற்சிப் பொம்மையின் முன் நாள்தோறும் பத்து நிமிடம் நின்றால் சரியாகிவிடும். ஒரே மாதிரியான தருணங்களில் விழுந்தால் காரணம் வேறு. கூடவே, இறப்புப் பதிவைத் திறந்து கடைசி ஐந்து நொடிகளைப் பாருங்கள். அப்போது டிவைன் ஷீல்டு தயாராக இருந்ததா?

கேள்வி கேட்டவர்

இருந்தது. எட்டு நொடி எதுவும் அண்டாத கவசம். அந்தச் சண்டையில் ஒருமுறை கூட அதை அழுத்தவில்லை. ஐந்து நிமிடக் கூல்டவுன் என்பதால் "இன்னும் மோசமான கட்டத்துக்கு" என்று சேமித்துவைத்தே செத்திருக்கிறேன்.

இடைவெளிகள் பரவலாக இல்லை. பதினொரு இடங்களில், ஒவ்வொன்றும் ஐந்தாறு நொடி. அந்தப் பதினொன்றும் தரையில் ஆபத்தான இடத்தைக் காட்டும் சிவப்பு வட்டம் வந்த நேரங்கள். குழுவிலிருந்த இன்னொரு பாலடின் நான்கடி தள்ளி நின்று அடித்துக்கொண்டே இருக்கிறார். நானோ அரங்கின் மறுகோடி வரை ஓடிவிட்டு நடந்து திரும்பியிருக்கிறேன்.

மறுமொழி 3

திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இப்படித்தான் ஓடுவார்கள், நானும் ஓடியிருக்கிறேன். வட்டத்தின் விளிம்பைத் தாண்டினால் போதும், அதற்கு மேல் ஒவ்வோர் அடியும் வீண். விலகியே ஆக வேண்டிய நேரத்தில் ஜட்ஜ்மென்ட் என்ற திறனை அழுத்துங்கள். 30 கஜம் வரை எட்டும், ஓடிக்கொண்டே அழுத்தலாம். இந்த வாரம் இதை மட்டும் கவனியுங்கள். வரிசை, ஆட்ஆன் (துணை நிரல்), உபகரணம் எதையும் தொடாதீர்கள். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

கேள்வி கேட்டவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எழுதிக் கேட்ட ஐந்து கில்டுகளில் இரண்டு பதிலே தரவில்லை. ஒன்று "எங்களுக்கு ஹீலர்தான் வேண்டும்" என்றது. இன்னொன்றுடன் டஞ்சன் போனபோது டேங்க் (எதிரியின் அடிகளைத் தாங்குபவர்) பாதியில் வெளியேறினார். ஐந்தாவது கில்டு ஹீரோயிக்கோடு நிறுத்திக்கொள்வது. மைக் இல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கவும் அனுமதித்தார்கள். முதல் இரவு ஒரே பாஸிடம் ஒன்பது முறை தோற்றோம். ஆறாவது தோல்விக்குப் பின் தலைவர் எனக்குத் தனியாக, "இரண்டாவது வட்டத்துக்கு இடப்பக்கம் போங்கள், அங்கே இடம் இருக்கிறது" என்று எழுதினார். பத்தாவது முயற்சியில் பாஸ் விழுந்தது.

அந்தச் சண்டை 340 நொடி, 187 திறன்கள். டிவைன் ஷீல்டையும் ஒருமுறை அழுத்தினேன். இன்னும் நடுவரிசைக்குக் கீழேதான் இருக்கிறேன். ஜட்ஜ்மென்டைக் கட்டைவிரலுக்கு எட்டும் விசைக்கு மாற்றியிருக்கிறேன். வட்டம் வந்ததும் விரல் இன்னும் பழைய விசைக்கே போகிறது.